ஈரச் சாக்கும் நாலு பெட்டியும்

அன்றைக்கு எங்கள் வீட்டுப் பழைய மிளகாய் ஆலை அறையில் நின்றவர்களை ஒவ்வொருவராகச் சொல்கிறேன்.

நான். ஐஸ் கொம்பனியில் மெசின் பார்க்கிறவன். கையில் கொம்பனித் தெர்மோமீட்டர்.

என் தங்கை. கையில் ஒரு கொப்பி, பென்சில்.

அவளுடைய புருசன், என் மச்சான். கட்டாரிலிருந்து வந்து மூன்று கிழமை. நிலத்தில் முழங்காலூன்றி வயர் பூட்டிக்கொண்டிருந்தார்.

மீன்கார நானா. கிண்ணியாவிலிருந்து மோட்டார்சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர். எங்கள் ஒழுங்கைக்கு வந்தால் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார். கரண்ட் சாமான் என்றதால் வாசலோடு நின்றார்.

பிறகு நாலு பெட்டி. அவற்றையும் ஆட்களோடுதான் எண்ண வேண்டும். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் எங்கள் வீட்டில் எல்லாம் அவற்றைக் கேட்டுத்தான் நடந்தது.

பெட்டி என்று சொல்கிறேன். உண்மையில் மூடி இல்லை. இரண்டு சேர்க்கிட் பலகை, நிறைய அலுமினியத் தகடு, முன்னுக்கு ஒரு காற்றாடி, பின்னுக்கு ஒரு காற்றாடி. மச்சான் கட்டாரில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலைக்கு நின்றவர். அங்கே ஒருவன் புதிது வாங்கும்போது பழசைத் தள்ளியிருக்கிறான். மச்சான் வாங்கி, உடுப்புக்குள் சுற்றி, இரண்டு பயணத்தில் கொண்டு வந்தார். அந்த நேரம் இந்த வகைச் சாமானே உலகத்துக்குப் புதிது. ஒரே வேலைக்கென்று செய்தது. படம் பார்க்க ஏலாது, கடிதம் அடிக்க ஏலாது.

"அப்ப என்னதான் செய்யும்?" என்றார் நானா.

"கணக்குப் போடும் நானா. உலகம் முழுக்க இருக்கிற இந்த மாதிரி மெசின் எல்லாம் சேர்ந்து கணக்குப் போடுதுகள். எங்கட பங்குக்கு பிட்கொயின் எண்டு ஒரு காசு கொஞ்சம் விழும்."

"விழுறத வலையில ஏந்துறதா, கூடையில ஏந்துறதா?"

"போன்ல."

"போன்ல விழுற மீன நான் எப்பிடித் தம்பி விக்கிறது?"

மச்சான் சுவிச்சைப் போட்டார். எட்டுக் காற்றாடியும் ஒருமிக்கக் கத்தின. அடுத்த நொடி எல்லாரும் தும்மத் தொடங்கினோம். அது அப்பா மிளகாய் அரைத்த அறை. ஆலையை விற்று எத்தனையோ வருசம். கனமான கரண்ட் லைன் மட்டும் அப்படியே இருந்தது. அதற்காகத்தான் மச்சான் அந்த அறையைப் பிடித்தார். அப்பாவின் மிளகாய்த் தூளும் சுவர் வெடிப்புகளுக்குள் அப்படியே இருந்திருக்கிறது. அது எங்களுக்குத் தெரியாது. நானா கண்ணைக் கசக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். கண்ணீரோடு சிரித்தோம்.

மச்சான் கொம்பியூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். பெட்டியின் சூடு அதில் தெரியும். எண்பதைத் தாண்டினால் பெட்டி தானாக நின்றுவிடும். அறுபதுக்குள் இருந்தால் நல்லது. வேகத்துக்கும் ஒரு எண் உண்டு, நூற்றெண்பது. அது என்ன நூற்றெண்பது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கத் தேவையும் இல்லை. எங்கள் கொம்பனிக் கொம்ப்ரசருக்கும் எண் உண்டு. எண் விழுந்தால் எங்கேயோ பிழை.

அதற்குக் கீழே சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு வட்டம். வேலை செய்தால் வட்டம். சூட்டில் பிழைவிட்டால் வட்டம் போய்ப் பெருக்கல் அடையாளம் வரும். பலகைக்கு முப்பத்திரண்டு சிப். பெட்டிக்கு இரண்டு பலகை. தங்கை கண்ணாடித் திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"அது சரியாத்தான் இருக்கும்" என்றார் மச்சான்.

"நான் எண்ணினாத்தான் எனக்குச் சரி."

நாலு பெட்டிக்கும் இருநூற்று ஐம்பத்தாறு. கொப்பியில் எழுதினாள்.

அடுத்த நாள் கிணற்றடியில் அவள் என்னைப் பிடித்தாள்.

"அண்ணா, கட்டார்க் கடை முதலாளி மாதக் கடைசிக்குள்ள பதில் கேட்டிருக்கிறார்."

"என்ன பதில்?"

"திரும்ப வேலைக்கு வாறாரா இல்லையா எண்டு."

"மச்சான் என்ன சொல்லுறார்?"

"பெட்டி பத்து நாள் நிக்காம ஓடிச்செண்டா இங்க நிக்கிறாராம். ஓடாட்டிப் போறாராம்."

அவர்கள் கலியாணம் முடித்து ஏழு வருசம். அதில் மச்சான் வீட்டில் நின்ற நாளைச் சேர்த்தால் ஏழு மாதம் வரும். அவள் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

"ஓட வை அண்ணா" என்றாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் இருபத்திரண்டு வருசமாகக் குளிரோடு வேலை செய்கிறேன். சூட்டை எப்படி அடக்குவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை என்று நினைத்தேன்.

நானாவிடம் உடைந்த மீன் பெட்டிகள் நிறைய இருந்தன. வெள்ளை ரெஜிபோம் பெட்டி, தக்கை மாதிரி இலேசானது. அவற்றை வாங்கி அறுத்துத் தகடாக்கினேன். சுவருக்கு ஒட்டினேன், முகட்டுக்கு ஒட்டினேன், கதவுக்கும் ஒட்டினேன். கதவிடுக்குக்கு றப்பர் அடித்தேன். ஜன்னலை மூடினேன். மீனுக்குக் குளிர் அறை இப்படித்தான் செய்வோம். பிறகு கொம்பனியில் உடைந்த ஐஸ் கட்டிகளைக் கேட்டு வாங்கி, ஒரு பெரிய சட்டியில் பெட்டிகளுக்கு நடுவில் வைத்தேன். பெட்டிகளை அதைச் சுற்றி முகம் பார்த்தபடி வைத்தேன்.

முதல் ஒரு மணித்தியாலம் அறை இருபத்து நாலு. வெளியே முப்பத்தாறு. எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று மணித்தியாலத்தில் ஐஸ் முடிந்தது. அறை முப்பது. பிறகு முப்பத்தாறு. பிறகு நாற்பத்தொன்று. தங்கை எழுதிக்கொண்டே இருந்தாள். நாற்பத்தேழில் ஒரு பெட்டி நின்றது. பத்து நிமிசத்தில் அடுத்தது.

ஐஸ் காணாது என்று நினைத்தேன். அடுத்த நாள் நாலு கட்டி. அதற்கடுத்த நாள் ஆறு. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஓட்டோக்காரர் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணை, குறை நினைக்க வேண்டாம். வீட்டில கலியாணமா, செத்த வீடா?"

"ரெண்டும் இல்லை."

"அப்ப ஏன் இவ்வளவு ஐஸ்?"

"கணக்குப் போட."

அவர் ஓட்டோவைத் திருப்பினார்.

நானா ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, அறைக் கதவைத் திறந்து, கையை உள்ளே நீட்டிப் பார்த்தார். உடனே எடுத்தார்.

"தம்பி, முப்பது வருசமா நான் இந்தப் பெட்டியோட திரியிறன். அதுக்குள்ள ஐஸ் ஏன் நிக்குது தெரியுமா? மீன் மௌத்து. சும்மா கிடக்கும். ஒங்கட நாலும் உசிரோட மூச்சு விடுதுகள். அதுகளப் பெட்டிக்குள்ள போட்டு மூடினா?"

நான் கதவை இழுத்து மூடினேன். மீன்காரர் எனக்குக் குளிர் படிப்பிக்கிறாரோ என்று மனதுக்குள் கோபம். இரண்டு நாள் ரெஜிபோமைத் தொடவில்லை. அந்த இரண்டு நாள்தான் எங்களுக்கு ஒரு பலகையைத் தின்றது.

காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. பெட்டிகள் நின்றன. சட்டியில் புது ஐஸ் கிடந்தது. கதவு மூடியிருந்தது. நான் கொம்பனியில். மச்சான் சந்தையில். ஓடும்போது பெட்டி சூடு, அதில் ஈரம் தங்காது. நின்றால் அதுவும் குளிர்ந்துவிடும். பூட்டிய அறைக்குள் ஐஸ் கரைந்த ஈரம் முழுக்கப் பலகையில் போய் வேர்த்திருக்கிறது. ஐஸ் தண்ணீர்ப் போத்தல் வேர்க்கிற மாதிரி. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. குசினியில் நின்ற தங்கைக்கு "டப்" என்று ஒரு சத்தம் கேட்டதாம்.

நான் வந்தபோது அவள் திரைக்கு முன்னால் இருந்தாள். எண்ணி முடித்திருந்தாள்.

"முப்பத்திரண்டு வட்டத்தைக் காணேல்லை. மிச்சம் இருநூற்று இருபத்து நாலு" என்றாள்.

மச்சான் அந்தப் பலகையைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு மூலையில் கறுத்திருந்தது. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லம். போனை எடுத்துக்கொண்டு ஒழுங்கை முடக்குக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத் தண்ணீர் தெரியும். கப்பல் ஒன்று நின்றது. அவர் அதைப் பார்த்தபடி யாருடனோ கதைத்தார்.

தங்கை சொன்னாள்: "கட்டாருக்கு ரிக்கெற் விலை கேக்கிறார்."

அடுத்த நாள் கொம்பனியில் எனக்கு வேலை ஓடவில்லை. பின்பக்கம் போய்க் கண்டன்சரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூரை உயரத்துக்குக் குழாய்கள். மேலிருந்து தண்ணீர் குழாய்களில் விழும். பெரிய காற்றாடி அந்தச் சூட்டை வெளியே எறியும். ஐஸ் கொம்பனியில் ஐஸ் செய்கிற இடம் சின்னது. சூட்டை வெளியே எறிகிற இடம்தான் பெரியது. இருபத்திரண்டு வருசம் நான் அதற்கு எண்ணெய் விட்டவன்.

மூலையில் பழைய இரும்போடு ஒரு கண்டன்சர்க் காற்றாடி கிடந்தது. முதலாளியிடம் கேட்டேன்.

"அது சுத்தாது" என்றார்.

"சுத்த வைக்கிறன்."

"எடுத்துக்கொண்டு போ. ஐஸ் கேக்காம விட்டியே, அது போதும்."

வீட்டுக்கு வந்து ரெஜிபோமைப் பிய்க்கத் தொடங்கினேன். தங்கை கேளாமலே வந்து மற்றச் சுவரில் தொடங்கினாள். மச்சான் வாசலில் நின்றார்.

"என்ன மச்சான் செய்யிறீங்கள்?"

"பிழையைக் கழட்டுறன்."

அவர் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

பெட்டிகள் ஒன்றையொன்று பார்த்து நின்றதும் பிழை. ஒன்றின் மூச்சு மற்றதின் வாய்க்குள் போயிருக்கிறது. நாலையும் ஒரே வரிசையில், ஒரே பக்கம் பார்த்து வைத்தோம். அது கச்சான் காலம். காற்று மேற்கே தரையிலிருந்து கிழக்கே கடலுக்கு வீசும், அடுப்புக் காற்று மாதிரி. அந்தக் காற்றை எதிர்த்துச் சூட்டைத் தள்ளினால் அது திரும்ப உள்ளே வரும். அதனால் மேற்குச் சுவரில் தாழ்வாக ஓட்டை போட்டேன், காற்று உள்ளே வர. கிழக்குச் சுவரில் உயரமாக ஓட்டை போட்டுப் பழைய காற்றாடியைப் பூட்டினேன், சூடு வெளியே போக. காற்றாடி இரண்டு நாள் முனகியது. பிறகு ஒழுங்காகச் சுற்றியது.

மச்சான் பலகைகளைக் கழற்றிப் பார்த்தார். சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு பசை பூசியிருப்பார்கள், சூடு தகட்டுக்கு ஏற. அது காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. எல்லாவற்றையும் சுரண்டித் துடைத்துப் புதுப் பசை பூசினார். அவருக்குக் கை நல்ல கை. நான் அன்றைக்குத்தான் அதைக் கண்டேன். ஏழு வருசமாக மச்சானாக இருந்த மனிசன் வேலை செய்து நான் கண்டதில்லை.

சாக்கு தங்கையின் யோசனை. மேற்கு ஓட்டைக்கு வெளியே, மூன்றடி தள்ளி, கயிறு கட்டிச் சணல் சாக்குகளைத் தொங்கவிட்டாள். கிணற்றுத் தண்ணீரால் நனைத்தாள்.

"கச்சான் காத்து உடுப்பையே அரை மணித்தியாலத்தில காய வைக்குது. சாக்கில படட்டும். எவ்வளவு காயுதோ அவ்வளவு குளிரும்."

மணித்தியாலத்துக்கு ஒரு தரம் இரண்டு வாளி. புழுதியும் சாக்கோடு நின்றது. ஓட்டையில் தெர்மோமீட்டரைப் பிடித்தேன். வெளியே முப்பத்தேழு, சாக்குக்கு இந்தப் பக்கம் முப்பது. ஐஸ் இல்லை. கதவும் மூடவில்லை. பெட்டி ஐம்பத்தெட்டு.

நானா ரெஜிபோமைத் திருப்பி எடுக்க வந்தார்.

"நான் சொன்னனான் தானே தம்பி?"

"ஓம்."

"ஓம் எண்டு ஒரு சொல்லில முடிக்கிறீங்க. முப்பது வருச அனுபவம் இது."

"ஓம் நானா."

"சரி, ரெண்டு சொல்லாச்சு. தேத்தண்ணியக் கொண்டு வாங்க."

பத்து நாள் எண்ணத் தொடங்கினோம். சட்டம் மச்சான் போட்டது. கரண்ட் போய் நின்றால் அது நின்ற கணக்கில் இல்லை. பெட்டி தானாக நிற்கக் கூடாது, நாங்களும் நிறுத்தக் கூடாது, எண்ணுகிற நேரம் பெருக்கல் இருக்கக் கூடாது. தங்கை காலையும் பின்னேரமும் விரல் வைத்து எண்ணினாள். நான் வேலையால் வந்து சைக்கிளைச் சாத்த முதலே எண்ணைச் சொல்வாள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. மச்சான் வீட்டில் இருந்து சோறு தின்றார். சாக்குக்குத் தண்ணீர் ஊற்றினார். பின்னேரத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் கிழக்குச் சுவர்ப் பக்கம் இருக்காமல் மற்றப் பக்கம் இருப்போம். கிழக்குச் சுவர்ப் பக்கம் தங்கை உடுப்புக் காயப்போட்டாள். நல்லாகக் காய்ந்தது.

நாலாம் நாள் காற்று விழுந்தது. கச்சான் சில நாள் அப்படிச் செய்யும். ஓர் இலை அசையவில்லை. வானம் மூடிப் புழுங்கியது. சாக்கு காயவில்லை, சும்மா சொட்டியது. மத்தியானம் பெட்டி அறுபத்தெட்டு. பிறகு எழுபத்து நாலு. வேகம் நூற்றைம்பதுக்கு விழுந்தது. மூன்றாம் பெட்டியில் ஒரு பெருக்கல்.

"வேகத்தைக் குறைக்கலாமா?" என்றேன்.

"குறைக்கலாம். குறைச்சா விழுறதும் குறையும். குறைக்கிறதெண்டா ஒருக்கா நிப்பாட்டித் தொடங்கவும் வேணும். நாலு நாளும் முறிஞ்சு போகும்."

"கொம்ப்ரசரை முழு மூச்சில நாங்கள் ஓட்டுறேல்ல மச்சான். கொஞ்சம் விட்டுத்தான் ஓட்டுவம். அதுதான் வருசக்கணக்கா ஓடுது."

"இது கொம்ப்ரசர் இல்லைத்தானே."

"சூடு எல்லாத்துக்கும் ஒண்டுதான்."

அவர் திரையைப் பார்த்தபடி இருந்தார். எழுபத்தேழு. இன்னொரு பெருக்கல் வந்தது. தங்கை கொப்பியைத் திறந்து, எழுதிய நாலு நாளுக்கும் கீழே ஒரு கோடு கீறினாள்.

"மாதக் கடைசிக்கு இன்னும் பதினொரு நாள் கிடக்கு. நிப்பாட்டுங்கோ. நாளைக்கு ஒண்டில இருந்து எண்ணுவம்."

"குறைச்சா வாறது காணாதப்பா."

"நூற்றெண்பதில ஓடி நிண்டு, ஓடி நிண்டு வாறதும் நான் எழுதி வச்சிருக்கிறன். பாருங்கோ."

கொப்பியை அவர் முன்னால் வைத்தாள். நான் வெளியே போய்ச் சாக்கைப் பிழிந்தேன். பிழியத் தேவையில்லை. உள்ளே நிற்க விருப்பமில்லை. கொஞ்ச நேரத்தில் காற்றாடிச் சத்தம் நின்றது. ஒழுங்கை முழுக்க அமைதி. பிறகு திரும்பத் தொடங்கியது, முன்னையைவிடக் கொஞ்சம் தணிந்த சத்தம். மச்சான் நூற்றறுபதில் விட்டிருந்தார்.

புதுக் கணக்கின் மூன்றாம் நாள் காற்றுத் திரும்பியது. பெட்டி ஐம்பத்தொன்றுக்கு இறங்கியது. மச்சான் வேகத்தைக் கூட்டுவார் என்று பார்த்தேன். கூட்டவில்லை. ஆறாம் நாள் ஒரு மணித்தியாலம் கரண்ட் போனது. ஐஸ் இல்லாததால் ஒன்றும் வேர்க்கவில்லை. வந்ததும் நாலும் தொடங்கின. எட்டாம் நாள் நானா ஒரு பாரை மீனைக் கொண்டு வந்து, "கணக்குப் பெட்டிக்கு" என்று தந்தார். நாங்கள் சாப்பிட்டோம்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில். மத்தியானம் சோறு போட முதல் மச்சானின் போன் அடித்தது. கட்டார். அவர் முருங்கைக்குக் கீழே போய் நின்று கதைத்தார். காற்றாடிச் சத்தத்தில் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. தங்கை சாக்குப் பக்கத்தில் வாளியோடு நின்றாள். அவளுக்கும் கேட்டிருக்காது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவர் போனை மடியில் செருகிக்கொண்டு வந்தார். தங்கையின் கையிலிருந்து வாளியை வாங்கினார். சாக்கில் ஊற்றினார். திரும்பக் கிணற்றுக்குப் போய் அள்ளி வந்து அடுத்த சாக்கிலும் ஊற்றினார்.

"போகேல்ல எண்டு சொல்லிட்டன்" என்றார்.

"பின்னேரம் இன்னும் எண்ணேல்லையே" என்றாள் தங்கை.

"தெரியும்."

அந்தப் பெட்டிகள் அதற்குப் பிறகு ஒன்றரை வருசம் ஓடின. பிறகு உலகத்தில் பெரிய மெசின்கள் வந்து, எங்களுடையவை போடுகிற கணக்குக்கு ஒன்றும் விழவில்லை. மச்சான் அவற்றைக் கழற்றி அலுமாரிக்கு மேலே வைத்தார். அந்தக் கையோடு பலகை திருத்துகிற வேலை தொடங்கினார். குச்சவெளியிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் ஆட்கள் ஏசியின் பலகை, மீன் வள்ளத்து ரேடியோவின் பலகை என்று கொண்டு வருகிறார்கள். அந்த அறையில்தான் வேலை. இரண்டு ஓட்டையும் இருக்கின்றன. கச்சான் காலத்தில் சாக்கும் தொங்கும். வேறு குளிர் அந்த அறைக்குத் தேவைப்படவில்லை.

அன்றைக்கு மச்சான் சொன்னபிறகும் தங்கை கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். திரைக்கு முன்னால் இருந்தாள். விரலை வைத்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. நானும் மச்சானும் வாசலில் நின்றோம். ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கடைசிப் பெட்டியின் கடைசி வரி வரை போனாள். கொப்பியை எடுத்து எழுதினாள்.

"எவ்வளவு?" என்றார் மச்சான்.

இருநூற்று இருபத்து நாலு.